முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தே கிடக்கு

ஓம் சரவணபவ.



வழக்கமா இந்தப் பக்கத்தில் அன்னதானம், கூட்டு வழிபாடு, துப்புரவுப் பணி பற்றித்தான் போடுவோம். இன்றைக்கு வேறு விஷயம். பதிவு கொஞ்சம் நீளம். தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க. வீட்டில் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

இந்த வருஷத் திருவிழாக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது இளைஞர் உபயத்தில் 3,800 வெள்ளி குறைஞ்சது. ரசீதுப் புத்தகம் சரியா இருக்கு, பணம் இல்லை. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே, வசூலுக்குப் பொறுப்பாக இருந்த தம்பி எழுந்து வந்து தன் போனை மேசை மேல் வைத்தான். "அண்ணே, நான்தான். பாருங்க" என்றான்.

பார்த்தோம். 30 வெள்ளி, 50 வெள்ளி, 100 வெள்ளி. ராத்திரி 1 மணி, 2 மணி, விடியற்காலை 4 மணி. பதினொரு பேருடைய வங்கிக் கணக்குக்குப் பணம் போயிருந்தது. ஒன்றுகூட கம்பெனிப் பெயர் இல்லை. எல்லாம் மனுஷப் பேர். மலாய்ப் பேர் இருந்தது, சீனப் பேர் இருந்தது, நம்ம பேரும் இருந்தது. அதில் ஒன்று எங்களுக்குத் தெரிஞ்ச பேர். பக்கத்துத் தாமானில் படிப்பு முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருக்கிற பையன். தன் ஏ.டி.எம். அட்டையை 300 வெள்ளிக்கு யாருக்கோ வாடகைக்கு விட்டவன். பணத்தைத் தொலைச்சவனும் நம்ம பிள்ளை, அந்தப் பணம் போய் இறங்கின கணக்கும் நம்ம பிள்ளையுடையது.

உபயப் பணத்துக்குக் கை வைக்கும் முன்னாடியே தம்பி தன் சேமநிதியில் கை வைத்திருக்கிறான். 2024 மே 11 முதல் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்துவிட்டது, 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா? அவசரத்துக்கு உதவட்டும் என்று கொடுத்த வசதி. நடுராத்திரி சூதாட்டமும் அவனுக்கு அவசரமாகத்தான் தெரிந்திருக்கு. கடைசியில் அவன் அம்மா, தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த சங்கிலியை அடகுக்கடையில் வைத்து, உபயப் பணத்தைக் கட்டினார். யாருன்னு கேட்டு இன்பாக்ஸில் வராதீங்க. சொல்ல மாட்டோம்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "அரசாங்கம்தான் எல்லா சூதாட்டத் தளத்தையும் முடக்கிட்டோம்னு சொல்லுதே, அப்புறம் எப்படிப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

அரசாங்கம் முடக்குவது உண்மை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்.சி.எம்.சி) 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை மொத்தம் 24,277 இணையத்தளங்களை முடக்கியதாகக் கணக்குக் கொடுத்தது. அதில் 39 விழுக்காடு சூதாட்டத் தளங்கள். மற்ற எல்லா வகையையும் விட இதுதான் அதிகம். கூட்டிக் கழித்தால் சுமார் 9,400 தளம். ஆறரை வருஷத்தில் 9,400 என்றால் நாளுக்கு நாலு.

நாளுக்கு நாலு! சூதாட்டம் நடத்துகிறவன் காலையில் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நாற்பது புது முகவரி பதிவு பண்ணிடுவான்.

முடக்கம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். நீங்கள் போனில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், இணையச் சேவை நிறுவனத்திடம் இருக்கும் முகவரிப் பட்டியல் (டி.என்.எஸ் என்பார்கள்) அந்தப் பெயருக்கு உரிய எண்ணை எடுத்துக் கொடுக்கும். அரசாங்கம் சொன்னால் நிறுவனம் அந்த எண்ணைக் கொடுக்காது. அவ்வளவுதான் முடக்கம். கடை இடிபடவில்லை. வழிகாட்டிப் பலகையை மட்டும் கழற்றியிருக்கு. போனில் வேறு டி.என்.எஸ் மாத்திக்கிட்டா வழி தெரியும். வி.பி.என் போட்டாலும் தெரியும். இதெல்லாம் தெரியாதவனுக்கும் கவலை இல்லை. ஏஜண்ட்டே வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் செயலியை நேராக அனுப்பிடுவான். தளத்துக்கே போக வேண்டாம், அப்புறம் எதை முடக்குறது? தம்பி போனில் இருந்ததும் அப்படி வந்த செயலிதான்.

2024 செப்டம்பரில் அரசாங்கம் இன்னும் பெரிய பூட்டு ஒன்றைக் கொண்டு வந்தது. வெளிநாட்டு டி.என்.எஸ்க்குப் போகிற போக்குவரத்தையும் உள்நாட்டுப் பட்டியலுக்கே திருப்பிவிடுங்க என்று சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8ஆம் தேதி தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியது சரிதான் என்பதே எங்கள் கருத்து. எல்லார் வீட்டு ஜன்னலையும் அடைத்தாலும் இந்தத் திருடன் சிக்க மாட்டான். அவன் ஜன்னல் வழியாக வரவே இல்லை.

அப்படின்னா எந்த வழியா வர்றான்? இரண்டு வழி. ஒன்று விளம்பரம். இன்னொன்று வங்கிக் கணக்கு.

விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். தைப்பூச நேரலை போட்டபோது, காவடி வரும் காட்சிக்குக் கீழே கருத்துப் பெட்டியில் என்ன வந்தது தெரியுமா? "புது உறுப்பினருக்கு இலவச கிரெடிட்" என்று லிங்க். ஒன்றை அழித்தால் மூன்று வந்தது. ஒரு தங்கச்சி பூசை முடியும் வரைக்கும் சாமி கும்பிடாமல் உட்கார்ந்து அழிச்சுக்கிட்டே இருந்தாள். தீபாவளி நேரத்தில் விளக்கும் கோலமும் போட்டு "தீபாவளி போனஸ்" விளம்பரம் வந்தது. அது தமிழிலேயே வந்தது. புகார் கொடுத்தோம். "எங்கள் விதிகளுக்கு முரணாக இல்லை" என்று தானியங்கிப் பதில். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. உங்கள் போனிலும் இதே கதைதான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஏன் அழிக்க மாட்டேங்கிறாங்க? காசு. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மெத்தாவின் உள் ஆவணங்களை வெளியிட்டது. மோசடி விளம்பரங்கள், சட்டவிரோத இணையக் கசினோக்கள், தடை செய்யப்பட்ட பொருட்கள், இவற்றின் விளம்பரத்திலிருந்து மட்டும் 2024இல் மொத்த வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு, அதாவது 1,600 கோடி அமெரிக்க டாலர் கிடைக்கும் என்று அந்த நிறுவனமே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்ததாம். அது தோராயமான, மிகைப்பட்ட கணிப்பு என்று நிறுவனம் பதில் சொன்னது. சரி, மிகைன்னே வச்சுக்குவோம். பாதியாக்குங்க, கால்வாசியாக்குங்க. அப்போதும் நம்ம பிள்ளைகள் தொலைத்த காசில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அடுத்தது வங்கிக் கணக்கு. செயலி எந்த நாட்டில் இருந்தாலும் தம்பி அனுப்பிய 50 வெள்ளி முதலில் இறங்கியது பேராக்கில் இருக்கும் ஒரு கணக்கில்தான். சூதாட்டக்காரனுக்கு இணையத்தில் ஆயிரம் முகம் இருக்கலாம். காசு வாங்க அவனுக்கு இந்த மண்ணில் ஒரு மனுஷப் பேரும் ஒரு கணக்கு எண்ணும் வேண்டும். அங்கேதான் அவன் மாட்டுவான்.

மற்ற நாடுகள் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. சிங்கப்பூர் 2014லேயே தொலைவழிச் சூதாட்டச் சட்டம் போட்டு, தளம் முடக்குவதோடு விளம்பரத்தையும் பணம் கட்டும் வழியையும் சேர்த்தே அடைத்தது. பிலிப்பின்ஸ் மத்திய வங்கி 2025 ஆகஸ்டில் இ-வாலட் நிறுவனங்களுக்கு 48 மணி நேரக் கெடு கொடுத்து, சூதாட்ட இணைப்புகளை எடுக்கச் சொன்னது. அதே மாதம் இந்திய நாடாளுமன்றம், காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை. பணப் பரிமாற்றத்துக்கு உதவினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவனுக்குத் தண்டனை இல்லை. அவன் பாதிக்கப்பட்டவன் என்றது அரசு.

முகவரிப் பட்டியலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா உதாரணம். 2024 நவம்பரில் ஜகார்த்தா போலீஸ், சூதாட்டத் தளங்களை முடக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சு ஊழியர்களையே கைது செய்தது. காசு வாங்கிக்கொண்டு சில தளங்களை முடக்காமல் விட்டுவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பட்டியல் பூட்டிய அறைக்குள் இருந்தால் அதுவும் ஒரு வியாபாரம் ஆகிடும். நம் நாட்டில் அப்படி நடக்குதுன்னு நாங்கள் சொல்லவில்லை. நடக்காமல் இருக்க, எது முடக்கப்பட்டது, யார் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது என்பது பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் இருக்கணும் என்கிறோம்.

நம் நாட்டிடம் சட்டம் இல்லாமல் இல்லை. சூதாட்ட வழக்குகள் இன்றும் 1953ஆம் ஆண்டு பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டத்தின் கீழ்தான் போகின்றன. மெர்டேக்காவுக்கு 4 வருஷம் முன்னாடி, வீடு, மேசை, சீட்டு என்று நினைத்து எழுதிய சட்டம். அதில் ஆடியவனுக்கும் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை உண்டு. இதனால் என்ன நடக்குது? பெற்ற தாய் போலீசுக்குப் போகப் பயப்படுறாள். "என் பிள்ளையையும் சேர்த்துப் பிடிச்சிடுவாங்களோ" என்று சங்கிலியை அடகு வைத்துவிட்டு வாயை மூடிக்கிறாள். புகார் வராவிட்டால் கணக்கு எண் வராது. கணக்கு எண் வராவிட்டால் அரசாங்கத்துக்குத் தகவலே இல்லை. பயம்தான் சூதாட்டக்காரனுக்குக் காவல் நிற்குது.

புதுக் கருவிகளும் இருக்கு. கணக்கை வாடகைக்கு விடுவதைத் தனிக் குற்றமாக்கி 2024இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வங்கிகள் சந்தேகக் கணக்குகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் தேசிய மோசடித் தளத்தைத் தொடங்கினார்கள். 80 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்பில். கடிவாளம் அரசாங்கத்தின் கையில் இருக்கு. இழுக்கணும், அதுதான் பாக்கி.

நாங்கள் கேட்பது நாலுதான்.

ஒன்று: சூதாட்ட விளம்பரத்துக்குக் காசு வாங்கிய தளத்துக்கு ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அபராதம். காசு கொடுத்தவன் பெயர் வெளியில் வரணும்.

இரண்டு: சூதாட்ட வசூல் கணக்கு என்று புகார் வந்தால், அன்றைக்கே எல்லா வங்கிக்கும் இ-வாலட்டுக்கும் தகவல் போகணும். மோசடிக்காகக் கட்டிய தளத்தைச் சூதாட்டத்துக்கும் முழுசாகப் பயன்படுத்துங்க. புகார் என்ன ஆச்சு என்று கொடுத்தவருக்குச் சொல்லுங்க.

மூன்று: 1953 சட்டத்தைத் திருத்துங்க. நடத்துகிறவனுக்கும் ஏஜண்டுக்கும் தண்டனையைக் கூட்டுங்க. உதவி கேட்டு வருகிறவனைக் குற்றவாளியாக நிறுத்தாதீங்க.

நாலு: எச்சரிக்கை தமிழில் வரணும். சூதாட்டக்காரன் நம் மொழியில் "போனஸ்" என்று கூப்பிடுகிறான். ஆபத்து என்று சொல்லும் தகவல் எங்கள் பக்தர்களுக்கு எட்டியவரை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வந்திருக்கு. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் தமிழில் அனுப்புங்க. ஒட்டுவதற்குச் சுவர் எங்களிடம் இருக்கு.

"அவனவன் புத்தி கெட்டதுக்கு அரசாங்கம் என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரௌபதியம்மன் தீமிதிக்கு விரதம் இருக்கிறோம். அந்தக் கதை எங்கே ஆரம்பிக்குது? தருமர் ஆடியது தப்பு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அழைப்பு அனுப்பியவன் ஒருவன், காயை உருட்டியவன் ஒருவன், சபையில் உட்கார்ந்து பார்த்தும் வாய் திறக்காத பெரியவர்கள் பலர். பாரதம் அத்தனை பேரையும் கணக்குக் கேட்டது. நாம் மட்டும் தருமரோடு நிறுத்திக்கொள்வது என்ன நியாயம்?

இது நமக்குப் புதுச் சண்டையும் இல்லை. தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்க. சம்பள நாளில் கையில் வாங்கிய காசு வீட்டுக்குப் போகும் வழியில் கடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கையில் ஒன்று. 1946, 47இல் கெடா பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை கிளம்பியது. குடிக்காதே என்று வீடு வீடாகச் சொன்ன அதே இளைஞர்கள், கடை வாசலிலும் போய் நின்றார்கள். போலீசோடு மோதல் வந்தும் பின்வாங்கவில்லை. குடிக்கிறவனையும் திருத்து, கடையையும் மூடு என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள். நாமும் தொண்டர்கள் என்றுதான் சட்டையில் எழுதியிருக்கிறோம்.

அதே தோட்ட மக்கள்தான், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்தக் காசில் தோட்டமே வாங்கியது. பத்து வெள்ளிக்கு அப்படி ஒரு பலம் இருந்தது. இன்றைக்கு அதே பத்து வெள்ளி ஒரு விரல் தட்டலில் போய்விடுது.

அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது. நம்ம வீட்டிலும் அழுக்கு இருக்கு. திருவிழா பதாகைக்குக் காசு கொடுப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று எத்தனை கோயில் கேட்குது? பெரிய தொகை என்றால் மாலை போட்டு மேடையில் உட்கார வைக்கிறோம். சந்நிதியில் நின்று "சாமி, நம்பர் கொடு" என்று கேட்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். பிள்ளைகள் அதையும் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ஆகவே எங்கள் தொண்டர் குழுவில் முடிவு செய்துவிட்டோம்:

சூதாட்டக் காசு, வட்டிக்கு விடும் ஆலோங் காசு என்று தெரிந்தால் உபயம் வாங்க மாட்டோம். எவ்வளவு பெரிய தொகையானாலும் சரி.

உபய வசூல் இனி தனி ஆள் போனில் இருக்காது. கோயில் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாதாமாதம் பலகையில் கணக்கு.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை இருக்கும். மலாயில் புகார் எழுதித் தருவோம். போலீசுக்குக் கூட வருவோம். கடன் கழுத்தை நெரித்தால் ஏ.கே.பி.கே. ஈப்போ கிளைக்குக் கூட்டிப்போவோம். அங்கே கடன் ஆலோசனைக்குக் காசு கிடையாது. மனம் உடைந்து போனவர்களுக்கு பிஃப்ரெண்டர்ஸ் ஈப்போ இருக்கிறது. வெட்கப்படாதீங்க. தனியாக ராத்திரி 2 மணிக்குப் போனோடு உட்காருவதை விட, மேசைக்கு வாங்க.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: யாராவது "சும்மா அட்டையைக் கொடு, மாசம் 300 தர்றேன்" என்றால் ஓடிவிடுங்க. உங்கள் பேரில்தான் வழக்கு வரும். 300 வெள்ளி கொடுத்தவன் அப்போது போனை எடுக்க மாட்டான்.

கூட்டத்தில் இரண்டு பேர், "வெளியில் சொன்னால் கோயில் பேர் கெட்டுடும், அமுக்கிடுவோம்" என்றார்கள். நாங்கள் அந்தத் தம்பியையே கேட்டோம். "பேரைப் போடாம எழுதுங்கண்ணே. என்னோட சேர்ந்து விளையாடினவங்க இன்னும் நாலு பேரு இருக்காங்க" என்றான். அதனால்தான் எழுதினோம்.

அந்த நாலு பேரும் இதைப் படிப்பீர்கள். வர்ற வெள்ளிக்கிழமை மேசையில் அந்தத் தம்பியே உட்கார்ந்திருப்பான். வாங்க.

மற்ற கோயில் நிர்வாகங்களும் இந்தத் தீர்மானங்களை எடுத்துக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை திருவிழாவுக்கு வரும்போது, பொன்னாடை போர்த்துவதற்கு முன்னாடி அந்த நாலு கோரிக்கையையும் கையில் கொடுங்க. பதில் என்னன்னு மேடையிலேயே கேளுங்க.

முருகன் துணை.
கோயில் தொண்டர் குழு